இரண்டு செங்கல் வாங்கிய வீடு

மகனே,

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தியாகராய நகரில் நீ திறக்கப்போகும் புது ஆபீசில் குத்துவிளக்கை நான்தான் ஏற்றுவேன் என்று அழைப்பிதழில் அச்சடித்துவிட்டாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கத்தரிப்பூ நிறத்தில் பட்டுப்புடவை மட்டும் வந்தது. அதைக் கடைப்பையை விட்டு வெளியே எடுக்கவில்லை. அழைப்பிதழைத்தான் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தேன். நடுவில் உன் படம். வெயிலே இல்லாத இடத்தில் கறுப்புக் கண்ணாடி. மார்புக்குக் குறுக்கே கட்டிய கை. பின்னால் யாரோ கட்டி யாரோ வாங்கிய அடுக்குமாடி, அதை நீயே கல் சுமந்து கட்டியதுபோல் ஒரு நிற்பு. கீழே ‘உண்மை மட்டுமே பேசுவோம்’ என்று ஒரு வரி. அந்த வரியைப் படித்த பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

நேரில் சொல்லிப் பார்த்தாயிற்று, நீ சிரித்தாய். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசல்களில் வந்து விழும் நம் பேட்டைப் பத்திரிகைக்கு இதைக் கொடுக்கிறேன். உன் விளம்பரம் வருகிற பக்கத்திலேயே போடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். அடுத்தவர் வீட்டு உள்ளறையை ஊருக்கே காட்டிப் பிழைக்கிறவன் நீ. உன் வீட்டுச் சங்கதி நாலு தெருவுக்குத் தெரிவதில் உனக்கு வருத்தம் இருக்காது. இருந்தால் நல்லதுதான். அது எப்படி இருக்கும் என்று உனக்கும் ஒரு தடவை தெரியட்டும்.

நீ வீட்டுத் தரகன் என்பதில் எனக்குக் கேவலம் ஒன்றும் இல்லை. உன் அப்பா பஸ்ஸில் டிக்கெட் கொடுத்துச் சேர்த்த காசில், குளத்துக்குப் பின்னால் நான் இப்போது உட்கார்ந்து எழுதும் இந்த வீட்டை வாங்கிக் கொடுத்ததும் ஒரு தரகர்தான். மோட்டார் சரியில்லை என்று எங்களிடம் சொன்னார். எப்படிச் சொன்னார் தெரியுமா? விற்கிறவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்தே சொன்னார். அவரும் ஒப்புக்கொண்டார். மூன்று பேரும் காபி குடித்தோம். அதோடு முடிந்தது. அந்த மோட்டார் கதை மயிலாப்பூரில் வேறு எவருக்கும் தெரியாது.

நீ அப்படி இல்லை. வெறும் தரகு உனக்குப் போதவில்லை, நீதிபதி நாற்காலியும் வேண்டும். விற்பனைக்கு வந்த வீடுகளுக்குள் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டே நுழைகிறாய், அதை ஊரே பார்க்கும்படி போனில் போடுகிறாய். கதவை ஆட்டிப் பார்க்கிறாய், சுவரை விரலால் சுரண்டுகிறாய், குழாயைத் திறந்து, “ஒண்ணுக்கு வர்ற மாரி வருது மக்களே” என்கிறாய். நம் வீட்டில் ஒரு நாளும் நீ பேசாத ‘கீது’வும் ‘இன்னா’வும் போனைக் கண்டதும் எங்கிருந்தோ வந்துவிடுகின்றன. பேட்டைக்காரன் என்று காட்டவேண்டுமாம். கடைசியில் மதிப்பெண், ஐந்துக்கு இத்தனை செங்கல் என்று. பரீட்சையில் உனக்கு விழுந்த மார்க்கை என்னிடம் காட்டாமல் மறைத்துவைத்தவன், இன்று ஊரில் உள்ள வீடுகளுக்கெல்லாம் மார்க்குப் போடுகிறாய்.

அந்த மார்க்கின் லட்சணத்தையும் சொல்கிறேன். அடையாறில் நீயே விற்றுத்தர எடுத்த ஒரு வீட்டுக்கு ஐந்து செங்கல் போட்டாய். அந்தக் கட்டடத்து லிஃப்ட் பாதியில் நின்று நீ உள்ளே மாட்டிக்கொண்டதை மோர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே நீதான் என்னிடம் சொன்னாய். படத்தில் லிஃப்டையே காணோம். “மாடிப்படி நல்லா அகலமா கீது மக்களே, ஏறி எறங்குனா ஒடம்புக்கு நல்லது!” என்கிறாய். அதே வாரம் மயிலாப்பூரில் வேறொரு தரகர் கையில் இருந்த வீட்டுக்குப் போய், நாலு படி ஏறியதுமே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து நடித்தாய். மாடிப்படி உடம்புக்கு நல்லதா, இடுப்புக்குக் கெடுதலா என்பது வீட்டை விற்பவன் நீயா மற்றவனா என்பதைப் பொறுத்த விஷயம். இதைக் கண்டுபிடிக்க எனக்குக் கல்லூரி தேவைப்படவில்லை.

இதெல்லாம் கூத்து என்று விட்டிருப்பேன். சகாயமேரி வீட்டுக்கு நீ போகாமல் இருந்திருந்தால்.

சாந்தோம் பக்கத்துச் சந்தில் இருக்கும் சகாயமேரியை உனக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவள் கணவர் அந்தோணி, நீ படித்த பள்ளிக்கு வேன் ஓட்டியவர். ஒரு பேய்மழை நாளில் வேன் நம் சந்துக்குள் வரமுடியாமல் தெருமுனையில் நின்றுவிட்டது. அந்த மனிதர் உன்னைத் தோளில் உட்காரவைத்து, இடுப்பளவு சாக்கடைத் தண்ணீரில் நடந்து வந்தார். வாசலில் இறக்கிவிட்டு, “இந்தாக்கா உன் ராஜா. கால்கூட நனையல பாத்துக்கோ” என்றார். அவர் சட்டை கழுத்துவரை நனைந்திருந்தது. அன்றிலிருந்து அவருக்கு நீ ராஜாதான்.

அந்த அந்தோணிக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறும். படுக்கை அறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருந்த படிகளை மூடி, சக்கர நாற்காலி இறங்குவதற்காகச் சிமெண்டில் ஒரு சரிவு போட்டிருக்கிறார்கள். சகாயத்துக்கும் முதுகு போய்விட்டது, தனியாக அவரைத் தூக்கி உட்காரவைக்க முடியவில்லை. ஆதம்பாக்கத்தில் மகள் குடியிருக்கும் வீட்டுக்கு அடுத்த கதவிலேயே, தரைத்தளத்தில் ஒரு வீடு பேசிவைத்திருக்கிறார்கள். சாந்தோம் வீடு விற்றால்தான் அது கிடைக்கும். வாசலில் பலகை மாட்டவில்லை. பலகை மாட்டினால் என்ன கஷ்டமோ என்று தெரு பேசும். தெரிந்த தரகர் ஒருவரிடம் மட்டும் காதோடு சொன்னார்கள். ராயப்பேட்டையில் படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் கடை வைத்திருக்கும் அமீர் பாயை அவர் கூட்டிவந்தார். பாய்க்கு வீடு பிடித்துப்போய், கையெழுத்து ஒன்றுதான் பாக்கி என்ற இடத்துக்குப் பேச்சு வந்திருந்தது.

அப்போது நீ போய்க் கதவைத் தட்டினாய். “அம்மா பாத்துட்டு வரச் சொன்னாங்க, ஆன்ட்டி” என்றாயாம். நான் சொல்லவே இல்லை. “உங்க பேர சொன்னான்க்கா, கதவ தொறந்துட்டேன்” என்றாள் சகாயம் என்னிடம். “அவரு தூங்கினு இருந்தாரு. சத்தம் போடாம பாருப்பான்னு சொல்லிட்டு எலுமிச்சம்பழம் புழியப் போனேன். ஷூவக்கூட கழட்டல, சரி, வேல அவசரம்னு உட்டுட்டேன்.” அவள் கொடுத்ததைக் குடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாய். டம்ளரைக் கழுவிக்கூட வைத்தாயாம். எவ்வளவு நல்ல பிள்ளை!

பேச்சையெல்லாம் ஆபீசில் சாவகாசமாக உட்கார்ந்து சேர்த்திருக்கிறாய். “மக்களே, வூட்டுக்குள்ள இன்னா ஸ்லோப்பு இது? சறுக்குமரமா? காலைல கண்ண மூடிக்கினே சறுக்குனா நேரா கக்கூஸ்!” பின்னால் கூட்டமாகச் சிரிக்கும் சத்தம் வேறு. இரண்டு செங்கல். அந்த இரண்டும் வாசற்படிக்கு என்றாய்.

அந்தப் படத்தை அந்தோணியின் போனுக்கே யாரோ அனுப்பிவிட்டார்கள். நான் போனபோது அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். “நம்ம ராஜாதானேக்கா பேசறது? நல்லாதான் பேசறான்” என்றார். கோணிய வாயால் சிரிக்கப் பார்த்தார். பிறகு சகாயத்தின் பக்கம் திரும்பி, “அத்த இட்ச்சிடு சகாயம். அது இருந்தா வூடு விக்காது” என்றார். “இட்ச்சிட்டா நீ எப்டி பாத்ரூம் போவே?” என்று அவள் கேட்டாள். “போவல” என்றார். அவ்வளவுதான். சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாளே கொத்தனாரைக் கூட்டிவரச் சொல்லி மகளுக்குப் போன் போட்டிருக்கிறார்.

இதை எழுதலாமா என்று அவர்கள் இருவரையும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பேரை மாற்றட்டுமா என்றேன். “இன்னா மறைக்கறதுக்கு மிச்சம் கீதுக்கா? எழுது” என்றாள் சகாயம். கேட்டுவிட்டுச் செய்வது எவ்வளவு சுலபம் என்று பார்த்தாயா? ஒரு கேள்விதான். வாய் வலிக்கவில்லை.

அன்று நீ சாப்பிட வந்தபோது கேட்டேன். உனக்கு நினைவிருக்கும்.

“ஏன்டா, அது சகாயம் வீடுதானே?”

“மொகம் காட்டினேனா? பேர் சொன்னேனா? நீ ஏம்மா டென்ஷன் ஆவறே?”

“வாசல்ல மாதா படம் போட்ட டைல்ஸ காட்டினியே. சந்துல வேற யாரு வீட்டுலடா அது இருக்கு?”

“அம்மா, இது ரிவ்யூ. ஓட்டலுக்குப் போடறாங்க, சினிமாவுக்குப் போடறாங்க. வீட்டுக்குப் போட்டா மட்டும் தப்பா? வாங்கறவன் ஏமாறக்கூடாதுன்னு சர்வீஸ் பண்றேன். இதெல்லாம் உனக்குப் புரியாதும்மா. நீ படிச்சது அஞ்சாங்கிளாஸ்.”

ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டேன். புரிந்ததை இப்போது சொல்கிறேன். ஓட்டல்காரன் பலகை மாட்டி, வாருங்கள் என்று ஊரைக் கூப்பிடுகிறான். சாம்பார் நன்றாக இல்லை என்று நாலு பேர் சொல்வதைக் கேட்கத் தயாராகத்தான் அடுப்பைப் பற்றவைக்கிறான். சகாயம் ஊரைக் கூப்பிடவில்லை. என் மகன் என்று உன் ஒருவனுக்குக் கதவைத் திறந்தாள். சுவரில் ஓதம் இருக்கிறதா, வாங்குகிறவனிடம் சொல். கட்டாயம் சொல். விற்கிறவளையும் எதிரே நிற்கவைத்துச் சொல், அவள் பதிலையும் கேள். வாங்கப்போகிற ஒருவனுக்குத் தெரியவேண்டியதை வாங்கவே போகாத ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பது எந்த ஊர் சர்வீஸ்? சினிமாவைத் திட்டுகிறவன் பக்கத்துத் தியேட்டரில் டிக்கெட் விற்பதில்லை. நீ விற்கிறாய். ஐந்தாம் வகுப்புக்கு இவ்வளவு புரிகிறது. ஆறாம் வகுப்பில் என்ன சொல்லிக்கொடுத்துக் கெடுத்தார்கள் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

அன்று உன்னிடம் கேட்காத ஒன்று இருக்கிறது. அன்று எனக்கே தெரியாது. நீ போன பிறகு அந்தப் படத்தை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தேன். ஒருவேளை சரிவு எதற்கு என்று உனக்குத் தெரியாதோ, அந்தோணிக்கு உடம்புக்கு வந்ததே தெரியாதோ என்று எனக்கு ஒரு நப்பாசை. பெற்றவளுக்கு அந்தப் புத்திதானே. சரிவுக்கு முன்னால் ஒரு கண் சிமிட்டும் நேரம் வருகிறது. ஓரத்தில் ஒரு சக்கரம் தெரிகிறது. உன் பிறந்தநாளுக்கு உன் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த வெள்ளை ஷூ உள்ளே நீள்கிறது. சக்கரத்தை ஒரு தள்ளு. நாற்காலி உருண்டு திரைக்குப் பின்னால் போகிறது. அதற்கப்புறம் வெறும் சரிவு, வெறும் சிரிப்பு. அந்த இடத்தை வெட்டி எறிய மறந்துவிட்டாய்.

ஆக உனக்குத் தெரியும். நாற்காலியைக் காட்டியிருந்தால் ஒருவனும் சிரித்திருக்கமாட்டான் என்பதும் தெரியும். அதனால்தான் தள்ளினாய். உண்மை மட்டுமே பேசுகிறவன், உண்மையைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு மிச்சத்தைப் பேசியிருக்கிறான். தூங்குகிற மனிதருடைய கால் அந்த நாற்காலி. அதை உன் காலால் தள்ளினாய். அவர் நனையாமல் கொண்டுவந்து சேர்த்த காலால்.

இன்னொரு நாள் எனக்கு நினைவுக்கு வருகிறது. உனக்கும் வரவேண்டும். நாம் வாடகைக்கு இருந்த மாடவீதிச் சந்து வீட்டை அதன் சொந்தக்காரர் விற்கப்போகிறார் என்று ஆட்கள் பார்க்க வந்தார்கள். நாம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தட்டைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள். ஒருவன் சமையல் மேடையைப் பார்த்து, “இதுல மனுசன் சமைப்பானா?” என்றான். கூட வந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். உன் அப்பா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. நீ சட்டென்று எழுந்து ஓடினாய். உன் தங்கை ஈரம் பண்ணிவைத்திருந்த கிழிந்த பாயை, அவர்கள் கண்ணில் படுவதற்குள் கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளினாய். அவர்கள் போன பிறகு, எச்சில் கை காய்ந்தபடி வெகுநேரம் அழுதாய். “ஏம்மா அவங்க அப்படிப் பேசினாங்க?” என்று கேட்டாய். நீதான் இன்று அந்த வேலையைச் செய்கிறாயே, நீயே சொல்லேன்.

சகாயம் வீட்டைப் படம் போட்டதோடு விட்டாயா? அடுத்த நாளே சகாயத்துக்குப் போன் போட்டாய். “ஆன்ட்டி, வீடியோ வந்தப்பறம் மார்க்கெட்ல வீட்டுக்குப் பேர் போயிடுச்சு. நம்மகிட்ட ஒரு பார்ட்டி இருக்காரு. இடிச்சிட்டுக் கட்டறவரு. அவர் சொல்ற ரேட்டுக்கு ஒத்துக்கிட்டா உங்களுக்கும் நிம்மதி.” பேரைக் கெடுத்ததும் நீ, கெட்டுப்போச்சே என்று துக்கம் விசாரிக்க வந்ததும் நீ, துக்கவீட்டில் சாமான் விலை பேசுகிறவனும் நீ. சகாயம் அப்போதும் உன்னைத் திட்டவில்லை. “யோசிச்சி சொல்றேன்பா” என்று வைத்துவிட்டாள்.

நான் சும்மா இருக்கவில்லை. ராயப்பேட்டைக்கு ஆட்டோ பிடித்துப் போய் அமீர் பாய் கடையில் நின்றேன். கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தார். சகாயம் வீட்டு விஷயம் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. “எனக்கு வீடு புடிச்சுதும்மா, பொய் சொல்லல. பசங்கதான் போனக் காட்டிச் சிரிக்கிறாங்க. ‘அத்தா, அந்த ரெண்டு செங்கல் வூட்டுக்கா போறோம்?’ங்கறான் பெரியவன். அவனுக்குப் பொண்ணு பேசியிருக்கு. சம்பந்தி வூட்ல இத்தப் பாத்தா இன்னா நெனப்பாங்க?” என்றார். அந்தப் படத்தில் இருப்பது முழு உண்மை இல்லை என்றேன். “உங்களுக்கு எப்டித் தெரியும்?” என்றார். எடுத்தவன் என் மகன் என்றேன். கையில் இருந்த கண்ணாடியை மெதுவாகக் கீழே வைத்தார். “அவன் உங்க புள்ள. அவன் பேசனது பொய்னு நீங்க சொல்றீங்க. இப்ப நான் அந்தக் குடும்பத்துல யார நம்பறது?” என்றார்.

இத்தனை வருஷம் இந்தப் பேட்டைகளில் என் வார்த்தைக்கு ஒரு மதிப்பு இருந்தது. சீட்டுப் பிடித்தாலும், சண்டை தீர்த்தாலும், பெண் பார்த்துச் சொன்னாலும் ‘அந்தம்மா சொன்னா சரி’ என்பார்கள். அதை ஒரு கடையின் வாசலில் முன்பின் தெரியாத மனிதர் எடுத்துப் பார்த்துவிட்டு, விரிசல் இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர்மேல் குற்றமில்லை. “எங்க ரெண்டு பேரையும் நம்பாதீங்க பாய். மறுபடி வந்து கண்ணால பாருங்க. அந்த ஸ்லோப்பு எதுக்குன்னு அந்த மனுஷன்கிட்டயே கேளுங்க” என்றேன். துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். “எங்கம்மாவுக்கும் முட்டி போய்ட்டுது” என்றார், எனக்குச் சொல்வதுபோலவும் இல்லை. பிறகு, “வெள்ளிக்கிழம கடை லீவு. சாயங்காலம் வரேன். வாங்குவேன்னு சொல்லல” என்றார்.

அந்தோணியிடம் வெள்ளிக்கிழமைவரை பொறுக்கும்படி கேட்டுக்கொண்டிருக்கிறேன். கொத்தனார் சனிக்கிழமை வருகிறார். பாய் வேண்டாம் என்றுவிட்டால் சரிவை இடிப்பார்கள், அந்த மனிதர் கட்டிலோடு கட்டிலாகக் கிடப்பார், உன் பார்ட்டி வந்து பாதி விலைக்குக் கேட்பார்.

ஆகையால் குத்துவிளக்குக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள். படங்களில் உனக்குக் கைதட்டுகிறார்களே, அவர்களில் யாரையாவது கூப்பிடு. அந்தப் படத்தை எடுத்துவிட்டேன், போதுமா என்று எனக்குச் செய்தி அனுப்பாதே. போதாது. பார்த்துச் சிரித்தவர்கள் சிரித்தபடியேதான் இருப்பார்கள். எந்த வாயால் சிரிக்கவைத்தாயோ அதே வாயால், நாற்காலி இருந்தது, நான்தான் மறைத்தேன் என்று அதே மக்களிடம் சொல்லவேண்டும். உன் செங்கல் கடை அதோடு மூடிப்போகும் என்றால் மூடட்டும். நாற்காலியை மறைத்துத்தான் நடத்தவேண்டிய கடை உனக்கு எதற்கு?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் சகாயம் வீட்டில் இருப்பேன். கட்டியிருக்கும் பருத்திப் புடவையோடு. பாய் வந்து பார்க்கும்போது நீயும் அங்கே நிற்கவேண்டும் என்பது என் ஆசை. கட்டாயம் இல்லை. வருவதானால் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வா. கதவைத் தட்டு, என் பேரைச் சொல்லாதே, உன் பேரைச் சொல், வரலாமா என்று கேள். ஷூவைக் கழற்றி வெளியே வை. உள்ளே போகும்போது அந்த நாற்காலி வழியில் இருக்கும். குனிந்து, கையால் நகர்த்து.

— அம்மா